முஹிடின் பிரதமராகியிருந்தால் அமைச்சரவையில் யார்? ஊகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

2022 நவம்பர் 19 பொதுத் தேர்தல் முடிந்து ஐந்து நாள்வரை அடுத்த பிரதமர் யார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. நவம்பர் 24 மாலை அன்வார் இப்ராஹிம் பதவியேற்றார். டிசம்பர் 2-இல் அமைச்சரவை அறிவிக்கப்பட்டது. நடந்தது இது. நடக்காமல் போன இன்னொன்றும் மிக அருகில் வந்துவிட்டுத்தான் போனது. பெரிக்காத்தான் நேஷனல் தலைவர் முஹிடின் யாசின், 115 மக்களவை உறுப்பினர்கள் தமக்கு ஆதரவு என்று அறிவித்திருந்தார். அவர் பிரதமராகியிருந்தால் அமைச்சரவை எப்படி இருந்திருக்கும்? நம்மவர் யார் இருந்திருப்பார்?

ஆறாம் படிவ மாணவர்களுக்கும் அவர்களுக்குச் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கும் இது நல்ல பயிற்சி. அரசியலமைப்பு, தேர்தல் முடிவு, கூட்டணி எல்லாம் ஒரே கேள்விக்குள் வந்துவிடுகின்றன. ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள், வகுப்பில் கட்சி பேச முடியாதுதான். ஆனா கணக்குப் பேசலாம்.

முதலில் எண்களைப் பாருங்க. மக்களவையில் மொத்தம் 222 இடம், பெரும்பான்மைக்கு 112 வேண்டும். மூடா கட்சியின் ஓர் இடத்தோடு சேர்த்து பக்காத்தான் ஹராப்பானுக்கு 82, பெரிக்காத்தானுக்கு 73, தேசிய முன்னணிக்கு 30, சரவாக்கின் ஜி.பி.எஸ். கூட்டணிக்கு 23, சபாவின் ஜி.ஆர்.எஸ். கூட்டணிக்கு 6. மீதி சிறு கட்சிகளும் சுயேச்சைகளும். வேட்பாளர் ஒருவர் இறந்ததால் தள்ளிவைக்கப்பட்ட பாடாங் செராய் தொகுதியை டிசம்பர் 7-இல் பெரிக்காத்தான் வென்று 74 ஆனது. ஆனால் பிரதமர் யார் என்ற பேச்சு நடந்தபோது கையில் இருந்தது 73தான்.

73, 23, 6. மூன்றையும் கூட்டினால் 102. இன்னும் 10 பேர் வேண்டும். அந்தப் பத்து எங்கிருந்து வரும்? தேசிய முன்னணியின் 30-இலிருந்துதான் வர முடியும். ஆகவே 'முஹிடின் பிரதமராகியிருந்தால்' என்று எழுதும்போதே நீங்க இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுறீங்க: 'தேசிய முன்னணி முழுதாகவோ பாதியாகவோ அவர் பக்கம் போயிருந்தால்'. பல மாணவர்கள் இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு நேரே பெயர்களுக்குத் தாவிவிடுகிறார்கள். அங்கேதான் ஊகம் வெறும் ஆசையாக மாறுகிறது.

அடுத்தது அரசியலமைப்பு. 43-ஆவது விதிப்படி, மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதும் உறுப்பினர் பிரதமராக நியமிக்கப்படுகிறார். அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். அவர்கள் மக்களவை, மேலவை இரண்டில் எதிலிருந்தும் வரலாம். அப்போது மாமன்னராக இருந்தவர் நம் பகாங் சுல்தான் அல்-சுல்தான் அப்துல்லா. ஹராப்பானும் பெரிக்காத்தானும் சேர்ந்து ஆட்சி அமைக்கலாம் என்று அவர் யோசனை சொன்னார், முஹிடின் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு இல்லையென்றால் நம் கேள்விக்கான விடையே வேறாகிவிடும். ஹராப்பானில் இந்திய உறுப்பினர்கள் பலர் இருந்தார்கள்.

அமைச்சர்கள் எத்தனை பேர் என்பதற்கு நம் அரசியலமைப்பில் உச்சவரம்பு இல்லை. இந்தியாவில் 2003-இல் வந்த 91-ஆவது திருத்தத்தின்படி, மத்திய அமைச்சர்களின் எண்ணிக்கை மக்களவை உறுப்பினர்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இங்கே அந்தத் தடை இல்லாததால், பெரும்பான்மை மெலிந்திருக்கும்போது அமைச்சரவை பெருக்கும். 2020 மார்ச்சில் மெலிந்த பெரும்பான்மையோடு வந்த முஹிடின் அமைச்சர்களும் துணையமைச்சர்களுமாக ஏறக்குறைய 70 பேரை நியமித்தார். துணைப் பிரதமரே இல்லாமல் நான்கு மூத்த அமைச்சர்களை வைத்துக்கொண்டார். 2022-இல் அன்வாரின் அமைச்சரவை அவரோடு சேர்த்து 28 பேர். அதனால் மாற்று அமைச்சரவையில் நாற்காலிகள் கூடுதலாகவே இருந்திருக்கும் என்று தயங்காமல் எழுதலாம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பெரிக்காத்தானின் 73 பேரில் இந்தியர் ஒருவர்கூட இல்லை. ஜி.பி.எஸ்., ஜி.ஆர்.எஸ். பக்கமும் இல்லை. மிஞ்சுவது தேசிய முன்னணியின் 30. அதில் அம்னோ 26, ம.சீ.ச. 2, சபாவின் பி.பி.ஆர்.எஸ். 1, ம.இ.கா. 1. அந்த ஒன்று எது? தாப்பா. நம் மலையிலிருந்து இறங்கினால் முதலில் வரும் ஊர். தாப்பாவை 2008 முதல் வைத்திருக்கும் எம். சரவணன்தான் அந்த மாற்று அமைச்சரவைக்கு மக்களவையிலிருந்து வந்திருக்கக்கூடிய ஒரே இந்தியர். ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரன் சுங்கை சிப்புட்டில் தோற்றிருந்தார்.

சரவணனுக்கு என்ன அமைச்சு? முஹிடினின் 2020 அமைச்சரவையிலும் அதன்பின் இஸ்மாயில் சப்ரி அமைச்சரவையிலும் அவர் மனிதவள அமைச்சர். அதே நாற்காலிதான் திரும்பக் கிடைத்திருக்கும் என்று நினைக்க இடம் உண்டு. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. உண்மையில் அமைந்த அன்வார் அமைச்சரவையிலும் இந்தியருக்குக் கிடைத்தது மனிதவளமே. ஜ.செ.க.வின் பத்து காஜா உறுப்பினர் வி. சிவகுமார் அந்தப் பொறுப்புக்கு வந்தார். தேசிய முன்னணி அந்த அரசில் இருந்தும் ம.இ.கா.வுக்கு அமைச்சர் பதவி இல்லை. ஆள் மாறினாலும் கட்சி மாறினாலும் நாற்காலி அதேதான். 2008-இல் டாக்டர் எஸ். சுப்ரமணியம், 2018-இல் எம். குலசேகரன், 2020-இல் சரவணன், 2022-இல் சிவகுமார். நடுவில் 2013 முதல் 2018 வரை சரவாக்கின் ரிச்சர்ட் ரியோட். 2023 டிசம்பர் மாற்றத்தில் சிவகுமார் நீக்கப்பட்டு அந்த இடத்துக்கு ஸ்டீவன் சிம் வந்தார். கோபிந்த் சிங் டியோ இலக்கவியல் அமைச்சரானார். அன்று சமூகத்தில் எழுந்த சலசலப்பு உங்களுக்கு நினைவிருக்கும்.

மனிதவளம் சின்ன அமைச்சு என்று சிலர் முகம் சுளிப்பது உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தொழிலாளர் இலாகா, சொக்சோ, குறைந்தபட்சச் சம்பளம் எல்லாம் அங்கேதான். 2022 மே 1-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இது வீட்டுக் கணக்கு.

பள்ளிக்கு நெருக்கமான கேள்வி வேறு: கல்வி அமைச்சர் யார்? 2020-இல் முஹிடின் கல்வி அமைச்சைக் கொடுத்தது ராட்ஸி ஜிடினிடம். அப்போது அவர் மேலவை உறுப்பினர். 2022-இல் புத்ராஜெயாவை வென்று மக்களவைக்கே வந்துவிட்டார். ஆகவே அவர் பெயரை எழுதக் காரணம் இருக்கிறது. ஆனா எதிர்க்காரணமும் இருக்கு. பாஸ் கட்சி 2018-இல் 18 இடம் வென்றிருந்தது. அதை வைத்து 2020-இல் மூன்று அமைச்சர்கள் பெற்றது. 2022-இல் அதற்கு 40-க்கும் மேல், கூட்டணியிலேயே பெரிய கட்சி. அதே விகிதத்தில் பங்கு கேட்டால் ஏழெட்டு அமைச்சுகள் வரும், கல்வியையும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? இங்கே பெயர் சொல்லாமல் இரண்டு பக்கக் காரணங்களையும் வைப்பதே சரியான விடை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அந்த ஐந்து நாளும் செய்தியை விடாமல் பார்த்ததற்குக் காரணமும் இந்த நாற்காலிதான்.

இன்னொன்றும் உறுதியாக எழுதலாம். ஜி.பி.எஸ்.-இன் 23 இல்லாமல் இரண்டு பக்கமும் வசதியாக ஆள முடியாது. நிஜத்தில் அதன் ஃபாடில்லா யூசோப் துணைப் பிரதமரானார். மாற்றுக் கதையிலும் அவருக்கு அதற்குக் குறைவாகக் கொடுத்திருக்க முடியாது. 2020-இலேயே அவர் மூத்த அமைச்சர். அதே வரிசையில் இருந்த அஸ்மின் அலி கோம்பாக்கில் தோற்றுவிட்டார். தோற்றவர் கதை முடிந்தது என்று உடனே எழுதிவிடாதீங்க. கோலா சிலாங்கூரில் தோற்ற தெங்கு சாஃப்ருல் மேலவை வழியாக அன்வார் அமைச்சரவைக்குள் வந்தார்.

மேலவை வழி நமக்குப் புதிது இல்லை. ஜி. பழனிவேல் 2008-இல் உலு சிலாங்கூரில் தோற்றார். 2010-இல் மேலவை உறுப்பினராகித் துணையமைச்சரானார், 2011-இல் முழு அமைச்சர். 2013-இல் கேமரன் மலையில் நின்று 462 வாக்கு வித்தியாசத்தில் எம். மனோகரனை வென்று இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சரானார். அதே ஆண்டு அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணை திறக்கப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பாதிக்கப்பட்ட தொகுதியின் உறுப்பினரே சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த நேரம் அது. அந்த 462 வாக்கு மாறியிருந்தால்? கட்சித் தலைவர் என்ற முறையில் அவர் மறுபடி மேலவை வழியாக வந்திருக்கலாம். அமைச்சர் இருந்திருப்பார், ஆனா நம் தொகுதிக்காரராக இருந்திருக்க மாட்டார்.

ம.இ.கா. வென்ற இடங்களை வரிசையாகப் பாருங்க: 2004-இல் 9, 2008-இல் 3, 2013-இல் 4, 2018-இல் 2, 2022-இல் 1. 2018-இன் இரண்டில் ஒன்று கேமரன் மலை. அந்த வெற்றியைத் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் தேசிய முன்னணி ம.இ.கா.வுக்குப் பதில் ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வகுடி உறுப்பினர் அவர். 2022-லும் வென்று மக்களவைத் துணை சபாநாயகரானார்.

இதை எழுதும் மொழியையும் கொஞ்சம் கவனிங்க. நடக்காததைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் 'முஹிடின் பிரதமர் ஆனால் சரவணன் அமைச்சர் ஆவார்' என்று எழுதுகிறார்கள். அது இனி நடக்கக்கூடியதற்கான வடிவம். நடந்து முடிந்ததை மாற்றி நினைக்கும்போது 'ஆகியிருந்தால்' என்று தொடங்க வேண்டும். முடிவில் மூன்று படி உண்டு. காரணம் பலமாக இருந்தால் 'ஆகியிருப்பார்'. ஓரளவு இருந்தால் 'ஆகியிருக்கலாம்'. எதிர்க்காரணமும் சம பலத்தில் இருந்தால் 'ஆகியிருப்பாரா என்பது சொல்வதற்கில்லை'. பேச்சில் நாம் 'ஆகியிருப்பாரு' என்று மூன்றுக்கும் ஒன்றையே சொல்லிவிடுகிறோம். கருத்து விளக்கக் கட்டுரையில் அது செல்லாது. மேலே ஃபாடில்லா முதல் படி, சரவணன் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில், கல்வி அமைச்சர் மூன்றாவது. உங்க வகுப்பில் சரவணனை எந்தப் படியில் வைப்பது என்று விவாதிக்க விடுங்க. தேசிய முன்னணி முழுதாக வந்திருந்தால் ஒரு விடை, சிலர் மட்டும் வந்திருந்தால் வேறு விடை.

பயிற்சிக்கு இன்னொரு கணக்கு, இது வீட்டுக்குப் பக்கத்தில். அதே 2022 தேர்தலில் பகாங் சட்டமன்றத்திலும் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 42 இடத்தில் பெரிக்காத்தான் 17, தள்ளிவைக்கப்பட்ட தியோமானையும் சேர்த்துத் தேசிய முன்னணி 17, ஹராப்பான் 8. தேசிய முன்னணியும் ஹராப்பானும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். ஜெலாயின் உறுப்பினர் வான் ரோஸ்டி மீண்டும் மந்திரி பெசாரானார். தானா ராத்தாவில் வென்றது ஜ.செ.க., அதுவும் ஆளும் பக்கம் வந்தது. தேசிய முன்னணி பெரிக்காத்தானோடு சேர்ந்திருந்தால் இந்த இரண்டு தொகுதிகளும் எங்கெங்கே இருந்திருக்கும்? மூன்று படிகளையும் பயன்படுத்தி 150 சொல்லில் எழுதச் சொல்லுங்க.