நாலடி மேஜையில் ஆறடிப் போர்வை

பழைய நூல் புடவைகளைத் தூக்கிப் போட மனசு வராமல் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். போர்வையாகத் தைக்கலாமே என்றால், "விரிக்க இடம் எங்கே இருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயம்தான். இரண்டு ரூம் போர்ஷனில் கட்டில், பீரோ போக மிச்சம் இருப்பது நடக்கிற வழி மட்டும்தான். மொட்டை மாடியிலோ காற்று ஒரு பக்கம், காக்கா ஒரு பக்கம்!

ஆனால் புடவையின் அளவே நமக்கு வழி காட்டுகிறது. 6 கஜப் புடவையை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 6 அடி நீளம். அகலம் சுமார் 46 அங்குலம். ஒரு ஆள் போர்த்திக்கொள்ளப் போதும். பிள்ளைகள் படிக்கிற 4 அடிக்கு 2 அடி மேஜை இருந்தால், புடவையின் அகலம் மேஜையின் நீளத்துக்குள் அடங்கிவிடும். நடுவில் உள்ள 2 அடி மேஜை மேல் இருக்க, இரண்டு பக்கமும் 2 அடி தொங்கும். தொங்குகிற கனத்தில் துணி தானாக விறைப்பாக நிற்கும்.

முதலில் புடவைகளைக் கஞ்சி போகத் துவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சாயம் போகிற புடவை என்றால் சேர்க்கவே வேண்டாம். நல்ல துண்டு ஒன்றை உள்பக்கம் மேலே தெரியும்படி மேஜையில் போட்டு, இரண்டு ஓரத்திலும் துணி கிளிப் மாட்டுங்கள். அதன் மேல் நைந்த துண்டுகள் இரண்டு, கடைசியில் இன்னொரு நல்ல துண்டு. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி விட வேண்டும். அவசரப்பட்டால் சுருக்கம் அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

இனி வெள்ளை நூலால், நாலு விரல் இடைவெளியில் நீளமான தையலாக நூலோட்டுங்கள். கலர் நூல் வேண்டாம், துவைக்கும்போது கறை பிடிக்கலாம். ஊக்கு குத்துவது சுலபம் என்பார்கள். நைந்த துணியில் அது ஓட்டை போட்டுவிடும், எனக்குப் பிடிப்பதில்லை. ஊசி முனையைத் தூக்க இடது கையில் ஒரு ஸ்பூன் வைத்துக்கொண்டால் விரல் நுனி தப்பிக்கும்; மேஜையிலும் கோடு விழாது.

நடுப்பகுதி முடிந்ததும் கிளிப்பை எடுத்து, துணியை ஒரு பக்கம் நகர்த்துங்கள். இங்கேதான் கவனம். அடித்துணி மடங்கியிருக்கும். கையை அடியில் விட்டுத் தடவி, ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தனித்தனியாக இழுத்துவிட்டுத்தான் மறுபடி கிளிப் போட வேண்டும். பிறகு அடுத்த பக்கம். ஆக மூன்றே தடவை. தரையில் மண்டியிட்டு முதுகு ஒடிய வேண்டியதில்லை.

நூலோட்டியாகிவிட்டால் அப்புறம் இடமே தேவையில்லை. சுருட்டிக் கட்டிலடியில் வைத்துவிட்டு, மத்தியானம் கிடைக்கிற அரை மணியில் மடியில் போட்டு நெருக்கமாகத் தைக்கலாம். ஓரம் மடித்துத் தைத்த பிறகே வெள்ளை நூலை உருவுங்கள்.

எங்கள் அம்மா காலமானபோது பெட்டியில் ஆறு நூல் புடவைகள் இருந்தன. பாத்திரக்காரரிடம் போடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. நாங்கள் மூன்று பெண்கள், ஆளுக்கொரு போர்வை என்று கணக்குப் போட்டு நான் எடுத்து வந்துவிட்டேன். அக்காவுக்கு முடித்துக் கொடுத்தாயிற்று. தங்கையின் போர்வை இப்போது கட்டிலடியில். என்னுடையது இன்னும் புடவையாகவே இருக்கிறது.

- ஒரு வாசகி, திருச்சி