கூடிப் பின்னுவோர் கவனத்துக்கு

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாழும் குடும்பங்களுக்குக் கம்பளிச் சட்டை அலங்காரப் பொருளன்று, அன்றாடத் தேவை. உதகையின் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் தை மாதக் காலையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்வூர்த் தாய்மாருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடைகளில் ஸ்வெட்டர்கள் மலிந்துவிட்ட இந்நாளிலும், தம் கையால் பின்னி அணிவிக்க விரும்புவோர் உளர். சிலர் ஒன்றுகூடி, ஒரே மாதிரியைத் தெரிந்தெடுத்து, ஒரே நாளில் தொடங்கி, வாரந்தோறும் ஓர் இல்லத்தில் அமர்ந்து பின்னுவர். மேனாடுகளில் பெரிதும் பரவியுள்ள இவ்வழக்கத்தை நம் பங்கின் தாய்மாரும் மேற்கொள்ளலாம். தனியே பின்னுபவர் பாதியில் கைவிட்டுவிடுவதுண்டு. கூடிப் பின்னுபவர்க்கு ஒருவர் மற்றவர்க்கு ஊக்கமாவார்.

ஆயினும் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பெரியவர் ஒருவருக்கான சட்டைக்கு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை கம்பளி நூல் வேண்டும். ஓய்வு நேரங்களில் மட்டும் பின்னினால் இரண்டு மாதமாவது பிடிக்கும். இவ்வளவும் செலவிட்டு முடித்தபின், சட்டை தலைக்குள் நுழையவில்லை என்றாலோ, தோளிலிருந்து வழிந்து தொங்கினாலோ எத்தகைய மனவேதனை! அக்கேட்டின் வித்து, பெரும்பாலும் முதல் நாளிலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது.

காரணம் யாதெனில், பின்னல் துணி தறியில் நெய்த துணியைப் போன்றதன்று. ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணியாக வளைந்து வளைந்து உருவாவது அது. திருப்பூரில் இயந்திரம் பின்னும் பனியன் துணியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இயந்திரத்தில் ஒவ்வொரு கண்ணியின் அளவையும் முன்கூட்டியே திட்டப்படுத்திவிடலாம். மனிதர் கையில் அவ்வாறன்று. ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார். மற்றொருவர் தளர விடுவார். கையெழுத்தைப் போலவே கையிறுக்கமும் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மார்பளவு 34 அங்குலம் உள்ளவருக்குச் சற்றே தளர்வாக 36 அங்குலச் சட்டை வேண்டும். மாதிரித்தாளில் அங்குலத்துக்கு 5 கண்ணி என்று குறித்திருந்தால், மொத்தம் 180 கண்ணிகள். மூன்று சகோதரிகள் ஒரே நூலையும் ஒரே ஊசியையும் கொண்டு 180 கண்ணிகளை ஏற்றுகிறார்கள். முதலாமவருக்கு அங்குலத்துக்குச் சரியாக 5 கண்ணி வருகிறது. அவர் சட்டை 36 அங்குலம். இரண்டாமவர் கை தளர்ந்தது. நாலரைக் கண்ணிதான் வருகிறது. அவர் சட்டை 40 அங்குலமாகிவிடும். மூன்றாமவர் கை இறுக்கமானது, ஐந்தரைக் கண்ணி. அவருடையது 33 அங்குலத்துக்கும் குறைந்து, உடலைவிடச் சிறியதாகிவிடும்! அரைக் கண்ணி செய்யும் வேலை இது.

ஆகவே, குழு கூடும் முதல் நாளில் எவரும் சட்டையைத் தொடங்கலாகாது என்பதே நமது கருத்து. அன்று ஒவ்வொருவரும் தம் கையால் மாதிரித் துண்டு ஒன்றைப் பின்ன வேண்டும். முப்பது கண்ணியேனும் ஏற்றி, ஐந்தங்குல உயரம் பின்னி, கழற்றி, சட்டையை எவ்வாறு துவைக்கப் போகிறோமோ அவ்வாறே நனைத்து, இழுக்காமல் பரப்பி உலர்த்தல் வேண்டும். சில நூல்கள் நனைந்ததும் தளரும், சில சுருங்கும். உலர்ந்தபின் ஓரங்களை விட்டு நடுவில் நான்கு அங்குலத்தை அளந்து கண்ணிகளை எண்ண வேண்டும். ஓர் அங்குலத்தை மட்டும் அளந்தால் அரைக் கண்ணி கண்ணுக்குத் தப்பிவிடும். மேலே கூறிய மூவருக்கும் நான்கு அங்குலத்தில் முறையே 20, 18, 22 என்று வந்திருக்கும். துண்டில் இரண்டே கண்ணி வேற்றுமை. சட்டையிலோ மூன்று, நான்கு அங்குலம்!

வேற்றுமை தெரிந்தபின் செய்வதென்ன? கையை மாற்ற முயல்வது வீண். பேச்சு சுவைபடத் தொடங்கியதும் கை தன் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடும். ஊசியை மாற்றுவதே முறை: இறுக்கமான கைக்குச் சற்றுப் பருத்த ஊசி, தளர்ந்த கைக்குச் சற்று மெல்லிய ஊசி. ஊசி எண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஆங்கிலேய முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் கூடக்கூட ஊசி பருக்கும். பெரியம்மாவின் பெட்டியிலுள்ள 8-ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர்; அமெரிக்காவிலிருந்து மருமகள் கொணர்ந்த 8-ஆம் எண் ஊசியோ 5 மில்லிமீட்டர். எனவே எண்ணை நம்பாமல் மில்லிமீட்டர் அளவையே கேட்டறிதல் நலம். நூலை வாங்கும்போதும், உறையில் அச்சிட்ட சாயத் தொகுதி எண் ஒன்றாயிருக்கும்படி மொத்தமாக வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கும் நூல் அதே நிறமாயினும் சாயம் சற்றே வேறுபட்டு நிற்கும்.

முதல் உலகப் போரின்போது, 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் வீரர்களுக்காகக் காலுறை, ஸ்வெட்டர், கழுத்துப் பட்டை ஆகியன பின்னித் தருமாறு மக்களை வேண்டியது. பெண்கள் மட்டுமன்றி, ஆண்களும் பள்ளிப் பிள்ளைகளும்கூட ஊசியை எடுத்தனர். அன்று ஒருவர் பின்னியது சற்றுப் பெரிதாய்ப் போனாலும் அதற்கேற்ற வீரர் ஒருவர் எங்கேனும் இருந்திருப்பார். நம் வீட்டுச் சட்டைக்கோ உரியவர் ஒருவரே!

பின்னலின் பெருமைக்கு மிகப் பழைய சான்று ஒன்றும் உண்டு. செருமனியில் மின்டன் நகர் பெர்ட்ராம் என்னும் ஓவியரின் கைவண்ணமெனப் போற்றப்படும் புக்ஸ்டஹூட பீடத்தில், 1400-ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பட்ட படமொன்றில், நம் அன்னை மரியாள் நான்கு ஊசிகளைக் கொண்டு ஒரு சிறு சட்டையின் கழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கிறார். குழந்தை இயேசு அருகே இருக்க, வானதூதர் சிலுவையையும் பாடுகளின் கருவிகளையும் ஏந்தி வருகின்றனர். அருளப்பர் நற்செய்தி கூறும் தையலில்லா அங்கியை ஓவியர் நினைவூட்டுகிறார் போலும். அப்படம் இன்று ஆம்பர்க் நகரின் கலைக்கூடத்தில் உள்ளது.

மூட்டின்றி வட்டமாகப் பின்னும் அம்முறையை நம் காலத்தில் பலருக்கும் கற்பித்தவர், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் ஸிம்மர்மன் அம்மையார் (1910–1999). 1971-இல் வெளிவந்த அவரது நூல் இன்றும் பின்னுவோர் கையில் உள்ளது. அவர் தந்த கணக்கு மிக எளிது. உடற்பகுதியின் கண்ணிகளை முழுமை எனக் கொண்டால், மணிக்கட்டில் ஐந்தில் ஒரு பங்கு, மேற்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஊசியை மாற்ற விரும்பாதவருக்கு இக்கணக்கு கைகொடுக்கும். ஐந்தரைக் கண்ணிக்காரர் 198 கண்ணி ஏற்றுவார், மேற்கைக்கு 66. நாலரைக் கண்ணிக்காரர் 162 ஏற்றுவார், மேற்கைக்கு 54. ஒரே குழுவில் மூன்று கணக்குகள். மூன்றும் 36 அங்குலமே! அடிப்பட்டைக்கு இரண்டு நேர், இரண்டு மறு என்று பின்னுவதாயின் மொத்தம் நான்கால் வகுபட வேண்டும். அப்போது 198-ஐ 200 என்றும், 162-ஐ 160 என்றும் திருத்திக்கொள்ளலாம். பக்கத்திலிருப்பவர் எத்தனை ஏற்றினார் என்று பார்த்து ஏற்றுவதுதான் கூடாது. வட்டமாகப் பின்னுவோர் மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்ன வேண்டும். சிறு தொப்பியாகப் பின்னிவிட்டால் வீணாகாது.

இரண்டாம் கூட்டத்தில் கண்ணி ஏற்றலாம். ஏற்றும் கண்ணிகள் இறுகினால் ஓரம் விரிந்து கொடுக்காது. ஆகையால் இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து ஏற்றி, பின் ஒன்றை உருவிவிடுவது பழகிய கைகளின் வழக்கம். இருபது கண்ணிக்கு ஒரு முறை வேறு நிற நூலால் அடையாளமிட்டால், எண்ணிக்கை தவறினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

இனி, வட்டத்தை இணைக்கும் கட்டம். ஏற்றிய வரிசை ஊசியைச் சுற்றி ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டிருக்க, அதைக் கவனியாமல் இணைத்துவிட்டால் துணி முழுவதும் முறுக்கியபடியே வளரும். நான்கு அங்குலம் பின்னியபின் கண்டுகொண்டால் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கூடிப் பின்னுவதன் பயன் இங்கேதான் சிறப்பாக விளங்கும். இணைக்குமுன் ஒவ்வொருவரும் தம் ஊசியை அடுத்தவரிடம் நீட்ட, அவர் கண்ணிகளின் அடியோரம் முழுவதும் உட்புறம் நோக்குகிறதா என்று பார்த்து, கண்ணிகளையும் ஒருமுறை எண்ணிச் சொல்லட்டும்.

தேர்ந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதியவர் தடுமாறும்போது, “இப்படிக் கொடு” என்று அவர் கையிலுள்ளதை வாங்கி நான்கு வரிசை பின்னிக் கொடுப்பது உதவியாகாது. இரண்டு கைகளின் இறுக்கம் ஒரே சட்டையில் பட்டை பட்டையாய்த் தெரியும், அவரும் கற்றுக்கொள்ளார். தம் துண்டிலே செய்துகாட்டி, அவரை அவருடையதிலே செய்யவிட வேண்டும். வேகமாகப் பின்னுபவர் முந்திச் சென்று கையைத் தொடங்கிவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் மூன்று அங்குலம் வளர்ந்தவுடன் அனைவரும் ஒருமுறை நிறுத்தி, சட்டையையே தட்டையாகப் பரப்பி, அளவு நாடா வைத்துப் பார்க்கட்டும். மாதிரித் துண்டு ஒரு தட்டின் அளவே. 36 அங்குல வட்டத்தில் கை சற்று மாறியிருக்கக் கூடும். பிரிக்க வேண்டுமானால் அன்றைக்கே பிரித்துவிடலாம், மூன்று அங்குலம்தானே.