பத்து வயதில் பிரியும் பாதை

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். ஜெர்மன், கணிதம், ஊரையும் இயற்கையையும் பற்றிய பொதுப்பாடம் ஆகிய மூன்றின் சராசரி அதில் இருக்கும். அங்கே 1 தான் உயர்ந்த மதிப்பெண், 6 கடைசி. சராசரி 2.33-க்குள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் கிம்னாசியம். 2.66-க்குள் என்றால் அடுத்த படியான ரியால்ஷூல பள்ளி. அதையும் தாண்டினால் அதற்கும் அடுத்த படியான மிட்டல்ஷூல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2, 2, 3 வாங்கிய பிள்ளைக்குக் கிம்னாசியம் உண்டு. ஒரே ஒரு பாடத்தில் ஒரு படி சறுக்கி 2, 3, 3 என்றால் இல்லை. பால்பல் எல்லாம் விழுந்து முடியாத வயது!

கதவை ஒரேயடியாகச் சாத்திவிடுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. தவறவிட்டவர்களுக்கு மூன்று நாள் சோதனை வகுப்பு உண்டு. பிற்பாடு மேலே ஏறவும் வழி உண்டு. வேறு பல மாநிலங்களில் கடைசி முடிவு பெற்றோருடையது. கிம்னாசியம் போகாதவர்களில் பலர், வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் சம்பளத்தோடு தொழில் பழகி, மற்ற நாள் தொழிற்பள்ளியில் படிக்கிறார்கள். உலகமே மெச்சும் ஏற்பாடு இது.

அமெரிக்காவில் இப்படிப் பிரிப்பதில்லை. டாக்டராகப் போகிறவரும் மெக்கானிக்காகப் போகிறவரும் 18 வயதுவரை ஒரே ஹைஸ்கூலில் படிக்கலாம். ஆனால் எந்த ஹைஸ்கூல் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரி தீர்மானித்துவிடுகிறது. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. 1960-களின் கடைசியில் டெக்சஸின் சான் ஆன்டோனியோவில், ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட் வட்டாரம் கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும் மாணவருக்கு 26 டாலர்தான் திரட்ட முடிந்தது. குறைந்த விகிதத்தில் கட்டிய, வசதியான அலமோ ஹைட்ஸ் வட்டாரம் 333 டாலர் திரட்டியது. இப்படி நிதி திரட்டும் முறை அரசமைப்புக்கு முரண் அல்ல என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

ஆக, இரண்டு நாட்டிலும் சலிக்கத்தான் செய்கிறார்கள். சீக்கிரம் சலிப்பதால் என்ன ஆகிறது என்பதை அளப்பது எளிதல்ல. நாட்டுக்கு நாடு வித்தியாசப்பட ஆயிரம் காரணம் இருக்கும். எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மன் என்ற பொருளியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு ஓர் உபாயம் செய்தார்கள். நாடுகளை நேராக ஒப்பிடாமல், தொடக்கப் பள்ளியில் மாணவர்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது எவ்வளவு மாறியது என்பதை ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கிட்டு, அந்த மாற்றங்களை ஒப்பிட்டார்கள். சீக்கிரம் பிரிக்கும் நாடுகளில் இடைவெளி கூடியிருந்தது. சராசரித் தரம் அதனால் உயர்ந்ததற்குத் தெளிவான தடயம் இல்லை.

ஜெர்மனியிலேயே இதை மாற்ற முயன்றவர்களும் உண்டு. ஹாம்பர்க் நகர மன்றம் 2010-இல், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் தொடக்கப் பள்ளியை ஆறு ஆண்டாக நீட்ட முடிவெடுத்தது. மன்றத்தில் எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. அந்த ஜூலையில் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். ஹாம்பர்க் பிள்ளைகள் இன்றும் நான்காம் வகுப்போடுதான் பிரிகிறார்கள்.