வீதிக்கென அமையாத வண்டிகளும் சட்டமும்

வண்டியொன்று வீதிக்கு உரியதா, வயலுக்கு உரியதா என்பதைத் தீர்மானிப்பது யாது? அதனைச் செய்தவனது கருத்தா, செலுத்துபவனது விருப்பமா, அன்றி வண்டியின் அமைப்பா? எளியது போலத் தோன்றும் இவ்வினா இங்கிலாந்தின் நீதிபதிகளைப் பல்லாண்டுகள் சிந்திக்க வைத்தது.

அந்நாட்டின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், இயந்திர சக்தியால் இயங்குவதும், வீதியிலே பயன்படுத்தவென எண்ணப்பட்டதும் அல்லது அதற்கேற்ப ஆக்கப்பட்டதுமான ஊர்தியே மோட்டார் வண்டி என வரையறுத்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் இதே வரையறையைப் பேணுகின்றது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துச் சட்டத்திலும் அதன் சாயலைக் காணலாம். வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று இது. பிறருக்கு நேரும் ஊறுக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியதும் அந்த 1930ஆம் ஆண்டுச் சட்டமே. வரையறைக்குப் புறம்பான வண்டிக்கு அக்காப்புறுதி வேண்டியதில்லை. அது வீதியில் ஒருவனை மோதி வீழ்த்தினால், அடிபட்டவன் செலுத்தியவனது பணப்பையையே நம்பியிருத்தல் வேண்டும். அப்பையோ பெரும்பாலும் வெறுமையானது.

1963இல் ஒரு வழக்கு எழுந்தது. பந்தயத் திடலில் ஓட்டப்படும் 'கோ-கார்ட்' என்னும் சிறு வண்டியை ஒருவர் பொது வீதியிற் செலுத்தினார். குழாய்ச் சட்டகம், நான்கு சிறு சில்லுகள், ஓர் இருக்கை, பின்புறத்தில் இயந்திரம். ஊதுகுழலும் இல்லை, பின்பார்வைக் கண்ணாடியும் இல்லை. ஒருவன் ஒருமுறை வீதிக்குக் கொண்டுவந்தமையால் மட்டும் அது மோட்டார் வண்டியாகிவிடாது என்றார் பிரதம நீதியரசர் பாக்கர் பிரபு. நியாய உணர்வுடைய ஒருவன் வண்டியைப் பார்த்து, 'வீதியிற் செல்வதும் இதன் பயன்களுள் ஒன்று' எனக் கூறுவானா என்பதே அவர் வகுத்த அளவுகோல். அதன்படி கோ-கார்ட் மோட்டார் வண்டி அன்று எனத் தீர்ந்தது.

அதே அளவுகோல் 2000ஆம் ஆண்டில் வேறு விடை தந்தது. 'கோ-பெட்' என்பது நின்றபடி செலுத்தும், இயந்திரம் பூட்டிய மிதிபலகை வண்டி. வீதிக்கு ஏற்றதன்று எனச் செய்தவர் அறிவுறுத்தியிருந்தனர். எனினும், வாங்குவோர் அவ்வறிவுரையைப் பெரும்பாலும் பொருட்படுத்தார், வீதியிற் கொண்டுசெல்லும் ஆசை அத்துணை வலியது என மன்று கண்டு, அதனை மோட்டார் வண்டி என்றே தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு வரவேற்கத்தக்கது. எச்சரிக்கைச் சீட்டொன்றை ஒட்டிவிட்டுப் பொறுப்பினின்று விலகுதல் வணிகனுக்கு எளிது. தெருவிலே அடிபடுபவனுக்கு அச்சீட்டு என்ன செய்யும்?

பண்ணைகளில் ஓடும் நாற்சில்லுச் சைக்கிள் வண்டிகள் பிரித்தானிய வீதியில் இறங்குவதாயின் பதிவும் காப்புறுதியும் வேண்டும். உழவனுக்குச் சில சலுகைகள் உண்டு. தன் நிலத்தின் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு 1.5 கிலோமீற்றருக்கு மேற்படாமல் வீதியிற் செல்லும் பண்ணை வண்டிக்கு வரி இல்லை. காப்புறுதியினின்று மட்டும் அவனுக்கும் விலக்கு இல்லை.

வண்டி வீதிக்கே வராதபோது நிலை யாது? சிலோவீனியாவில் 2007ஆம் ஆண்டு, களஞ்சியத்தின் மேற்றட்டில் வைக்கோற் கட்டுகளை அடுக்கும் வேளையிலே, பின்னோக்கி வந்த உழவு இயந்திரத்தின் இழுவைப்பெட்டி மோதி, ஏணியில் நின்ற ஒருவர் வீழ்ந்தார். இடம் பண்ணை முற்றம், வீதி அன்று. அந்நாட்டு நீதிமன்றங்கள் முதலில் அவரது கோரிக்கையை ஏற்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமோ, வண்டி தன் வழக்கமான தொழிலைச் செய்யும் இடமெங்கும் கட்டாயக் காப்புறுதி செல்லும் என 2014இல் விளக்கிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரித்தானியா 2022இல் தனிச் சட்டமியற்றி அவ்விளக்கத்தைக் கைவிட்டது. ஆதலின், அங்கே வீதிக்கும் பிற பொது இடத்துக்கும் மட்டுமே வண்டிக் காப்புறுதி கட்டாயம். தனியார் பண்ணையில் அவ்வாறு ஏணியினின்று வீழ்பவன், பண்ணையாளன் வேறு காப்புறுதி பெற்றிருக்கின்றானா என்றே விசாரிக்க வேண்டும்.