ரிசப்ஷன் திரையில் அப்பா!

2022 பிப்ரவரி 6. கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு கல்யாணம். கொரோனா கட்டுப்பாட்டால் எல்லோரையும் அழைக்க முடியாததால், ரிசப்ஷனை மெட்டாவெர்ஸில் வைத்தார்கள் மணமக்கள். ஹாரி பாட்டர் கோட்டை போன்ற அரங்கில், விருந்தினர்கள் ஆளுக்கொரு முப்பரிமாண உருவமாக உலவினார்கள். ஊரெல்லாம் பேசியது கோட்டையைப் பற்றியல்ல. முந்தைய ஆண்டு காலமான மணமகளின் அப்பாவும் அங்கே உருவமாக நின்றதைத்தான்.

இதற்கு மெட்டாவெர்ஸே வேண்டும் என்றில்லை, மண்டபத்தின் எல்.இ.டி. திரை போதும். ஆன்லைனில் ஒரு பொது ஆல்பம் தொடங்கி, அதன் க்யூ.ஆர். கோடை வாசலில் சந்தனத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஓசூர்க் கல்யாணம் என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். இன்றைய செல்ஃபி தானாக வந்துவிடும். பழைய படங்களைத்தான் ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டும். அப்பாவோடு ஒரே ஷிஃப்ட் பார்த்தவரிடம், வீட்டில் யாரும் பார்த்திராத அப்பா இருக்கலாம்.

வரும் படங்களைப் பார்த்துத் திரைக்கு அனுப்ப, லேப்டாப்போடு ஒரு சித்தி மகனை உட்கார வையுங்கள். அவனை மட்டும் முதல் பந்தியிலேயே சாப்பிட வைத்துவிடுங்கள். பிறகு எழுந்திருக்க நேரம் கிடைக்காது.