சாக்கெட்டின் மூன்றாவது துளை

வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் சாக்கெட்டில் மூன்று துளைகள் உள்ளன. கீழுள்ள இரண்டும் மின்னோட்டம் சென்று திரும்புவதற்கானவை. மேலுள்ள பெரிய துளை எர்த் எனப்படும் நில இணைப்புக்கு உரியது. அது இல்லாமலே மின்விசிறி சுழலும். இஸ்திரிப் பெட்டி சூடேறும். இதனாலேயே ஏராளமான வீடுகளில் அத்துளைக்குப் பின்னால் கம்பி எதுவும் இணைக்கப்படாமல் இருக்கிறது. பழுதான சாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும்போது தோற்றம் மாறுகிறதே தவிர, பின்னாலுள்ள குறை மாறுவதில்லை.

மின்சாரம் தாக்கி நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர் எனத் தேசியக் குற்றப் பதிவேட்டு அமைப்பின் அறிக்கைகள் காட்டுகின்றன. இவையனைத்தும் வீட்டினுள் நிகழ்பவை அல்ல. வயல்களிலும் தொழிற்கூடங்களிலும் நிகழ்பவையும் இவற்றுள் அடங்கும். ஆயினும் வீட்டு விபத்துகளில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை என்பதால் அவை தனிக் கவனத்திற்குரியவை.

சாக்கெட் ஏன் பழுதடைகிறது? உள்ளேயுள்ள பித்தளைத் தகடுகள் பிளக்கின் முனைகளை இறுகப் பற்றியிருக்க வேண்டும். நாளடைவில் அவை தளர்கின்றன; கம்பியைப் பிடித்திருக்கும் திருகும் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடுகிறது. அத்தடை 0.1 ஓம் அளவே என்றாலும், 15 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 22.5 வாட் வெப்பம் தோன்றும். ஈயம் பற்றவைக்கும் சிறு சூட்டுக்கோலின் வெப்பத்திற்கு இது ஏறத்தாழச் சமம். சாக்கெட்டின் முகப்பு பழுப்பேறுவதும் கருகிய வாடை வீசுவதும் இதன் அடையாளங்கள். இந்நிலையில் பியூஸ் உருகாது. ஏனெனில் மின்னோட்டம் அளவுக்கு மீறவில்லை, வெப்பம் மட்டுமே மீறியிருக்கிறது.

இத்தகைய சாக்கெட்டை வீட்டுக்காரரே மாற்றலாமா? 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 45ஆவது விதி இதற்கு ஒரு தெளிவான எல்லையை வகுத்தது. விளக்கு, பியூஸ், சுவிட்சு போன்றவற்றை மாற்றுவது மின்னமைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாதவரை அதற்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட பணிகளுக்குத் தேவை. பழைய 6 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பதிலாக அதே அளவுள்ள புதியதைப் பொருத்துவது எல்லைக்கு உட்பட்டது. அங்கே 16 ஆம்பியர் சாக்கெட்டைப் பொருத்துவது எல்லை மீறியது.

பின்னதுதான் இன்று அதிகம் நிகழ்கிறது. மின்னழுத்தம் 230 வோல்ட். எனவே 6 ஆம்பியர் சாக்கெட் ஏறத்தாழ 1,380 வாட் வரையே தாங்கும். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். அதன் பெரிய பிளக் சிறிய சாக்கெட்டில் நுழையாது. இது இடையூறன்று, பாதுகாப்புக்கென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. பெரிய சாக்கெட்டைப் பொருத்திவிட்டால் பிளக் நுழைந்துவிடும். ஆனால் சுவரினுள் இருப்பது 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியே. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மின்பலகையிலிருந்து தனியே வரவேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் சாக்கெட்டின் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மெயின் சுவிட்சையே அணைக்க வேண்டும். சுவிட்சு ஃபேஸ் கம்பியைத் துண்டிக்க வேண்டும் என்பது முறை. பழைய வீடுகள் சிலவற்றில் அது நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கிறது. அப்போது சுவிட்சை அணைத்த பின்னும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். டெஸ்டர் எரியவில்லை என்பதையும் உடனே நம்பிவிடலாகாது. மின்சாரம் உள்ள இடம் ஒன்றில் அதே டெஸ்டர் எரிகிறதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்வது நலம். சாக்கெட்டை எதிரே நின்று பார்க்கையில் வலப்பக்கத் துளை ஃபேஸுக்கும், இடப்பக்கத் துளை நியூட்ரலுக்கும் உரியவை.

மூன்றாவது துளைக்குக் கம்பி வராத வீடுகளில் சிலர் ஒரு குறுக்குவழியைக் கையாளுகின்றனர். சாக்கெட்டினுள்ளேயே நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடுகின்றனர். சோதித்துப் பார்த்தால் எர்த் இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்கேனும் அறுந்துவிட்டால், ஃபேஸ் மின்சாரம் கருவியின் வழியாகச் சென்று அச்சிறு கம்பி மூலம் அதன் உலோக உடலுக்கே வந்து சேரும். பழுதற்ற குளிர்பதனப் பெட்டியும் தொட்டவரைத் தாக்கும். எர்த் இல்லாதிருப்பதினும் இது கேடானது.

முறையான எர்த் என்பது தரையில் புதைத்த குழாயிலிருந்தோ தகட்டிலிருந்தோ மின்பலகைக்கும், அங்கிருந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் வரும் தொடர்ச்சியான பச்சைக் கம்பியாகும். பிளக்கில் எர்த் முனை நீண்டிருப்பதன் காரணம், அது முதலில் இணைந்து கடைசியில் விலக வேண்டும் என்பதே. கருவியினுள் ஃபேஸ் கம்பி உலோக உடலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் இவ்வழியே நிலத்திற்குச் செல்லும்.

இங்கே ஓர் உண்மை பலராலும் கவனிக்கப்படுவதில்லை. வறண்ட தரையில் எர்த் குழாயின் தடை 10 ஓம் இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியே செல்லக்கூடிய மின்னோட்டம் 23 ஆம்பியருக்கு மேற்படாது. 16 ஆம்பியர் பியூஸ் இதனால் உடனே உருகும் என்று சொல்ல முடியாது. அதுவரை கருவியின் உடலில் ஆபத்தான மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கம் இத்தடையைக் குறைப்பதற்கானது. அதனால் மட்டும் முழுப் பாதுகாப்புக் கிடைத்துவிடாது.

ஆர்.சி.சி.பி. என வழங்கும் மின்கசிவுத் தடுப்பான் இக்குறையைப் போக்குகிறது. ஃபேஸில் செல்லும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. எர்த் கம்பி இருந்தால் கசிவு தோன்றிய கணமே அது செயற்படும். இல்லையெனில் ஒருவர் தொட்டு, மின்சாரம் அவர் உடல் வழியே சென்ற பிறகே செயற்படும். ஆகவே ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்பது பொருந்தாது. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே தொடுபவரை இக்கருவியாலும் காக்க இயலாது.

இதனைச் சட்டம் யாருக்குக் கட்டாயமாக்கியது என்பது அதிகாரிகள் கருதத்தக்கது. 2010ஆம் ஆண்டின் மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளில் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. பின்னர் இவ்வரம்பு 2 கிலோவாட்டாகக் குறைக்கப்பட்டது. 2017இல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தின்கீழ் 2022 மார்ச்சுக்குள் ஏறத்தாழ 2.86 கோடி வீடுகள் மின் இணைப்புப் பெற்றன. ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு விளக்குக்கும் கைப்பேசி மின்னேற்றத்திற்கும் உரிய வயரிங்கே அத்திட்டத்தில் அளிக்கப்பட்டது. விளக்குக்கு எர்த் பெரிதாக வேண்டியதில்லை. ஆனால் அவ்வீடுகளுக்கு மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் வந்து சேரும். ஈரத் தரையில் மிக்சியும் வைக்கப்படும். அவற்றுக்கான சாக்கெட்டுகளைப் பிறகு பொருத்துபவர் பெரும்பாலும் வீட்டுக்காரரோ அண்டை வீட்டாரோதான். நுகர்வோர் இல்லத்தில் மின் இணைப்பு தொடங்கும் இடத்தருகே எர்த் முனை ஒன்றை மின்வழங்குவோர் அமைத்துத் தரவேண்டும் என 1956ஆம் ஆண்டு விதிகளே கூறின. மீட்டர் பொருத்தும் நாளிலேயே அம்முனை இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். சுவர் பூசி முடிந்த வீட்டில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பச்சைக் கம்பி இழுப்பதற்குச் சுவரை மீண்டும் உடைக்க வேண்டும்.