மாவுப்பூச்சியும் பொறிவண்டும்

வயலில் பருத்தி செழித்தால்தான் தறியில் நூல் ஏறும். ஆகையால் செடியைக் கெடுக்கும் பூச்சிகளையும், அவற்றை அழிக்கும் பூச்சிகளையும் பயிரிடுவோர், நெய்வோர் ஆகிய இரு சாராரும் அறிந்திருத்தல் நன்று.

பருத்தி, கொய்யா, திராட்சை, செம்பருத்தி முதலியவற்றின் குருத்திலும் கணுவிலும் வெண்மாவு தூவினாற்போல் மொய்ப்பது மாவுப்பூச்சி. இது சாற்றை உறிஞ்சிச் செடியை வாட்டும். இதன் உடலை மெழுகு போர்த்தியிருப்பதால் தெளிக்கும் மருந்து எளிதில் உட்செல்வதில்லை.

இதற்கு வாய்த்த எதிரி கிரிப்டோலேமஸ் என்னும் சிறு பொறிவண்டு. நீளம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். இறக்கை கருநிறம், தலையும் இறக்கை நுனியும் செம்மஞ்சள். காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்கும் பொருட்டு, 1898-ஆம் ஆண்டில் இது ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவிற்குத் தருவிக்கப்பட்டது. அந்நோக்கம் கைகூடவில்லை. ஆயினும் வண்டு இங்கேயே நிலைத்து, மாவுப்பூச்சியைத் தின்று நமக்கு உதவி வருகிறது.

இங்கே ஒரு தவறு நேரக்கூடும். இவ்வண்டின் புழுவும் மாவுப்பூச்சியைப் போலவே வெண்மெழுகு இழைகளால் மூடப்பட்டிருக்கும். பகையென்று கருதி அதனை நசுக்கினால், நமக்கு உழைப்பவனையே நாம் கொன்றவராவோம். ஆகவே செடியைச் சற்று நேரம் உற்றுநோக்குக. மாவுப்பூச்சி சிறியது, பெரும்பாலும் ஓரிடத்திலேயே ஒட்டியிருக்கும். வளர்ந்த வண்டுப்புழு அதனினும் சில மடங்கு நீண்டது. அதன் இழைகள் நூற்கழிவைப்போல் நீண்டு தொங்கும். இரை தேடி ஊர்ந்து செல்லும். அத்தகைய புழு தென்பட்டால் அச்செடிக்கு மருந்து தெளித்தலாகாது. மருந்தினால் வண்டு மடியும். மெழுகினுள் தப்பிய மாவுப்பூச்சி தடையின்றிப் பெருகும்.

எறும்பையும் கவனித்தல் வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரை நாடிவரும் எறும்புகள், வண்டுகளை அண்டவிடாமல் விரட்டும். எறும்புப் புற்றுகளை அகற்றி, மிகுதியாகப் பூச்சி பிடித்த கிளையை வெட்டிவிடுக. வெட்டுமுன் அதில் வண்டுப்புழு இருப்பின், வேறு கிளைக்கு மாற்றிவிடுக.

இயற்கையாக வண்டு வாராத இடங்களில், வளர்த்து விடுவதும் உண்டு. பரங்கிக்காயில் மாவுப்பூச்சியைப் பெருக்கி, அதனையே இரையாக அளித்து வண்டுகளை வளர்க்கின்றனர். தேவைப்படுவோர் வேளாண்மை அலுவலரைக் கலந்து கொள்ளலாம்.

அயனம்பாக்கத்தில் வீட்டு முற்றத்தில் ஒரு செம்பருத்தி வைத்திருப்போரும் இவ்வழியைக் கைக்கொள்ளலாம். மருந்துக் குப்பியை எடுக்குமுன் இலையைத் திருப்பிப் பார்க்குமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டுகிறோம்.